கச்சான் காலத்தில் ரேமைச் சோதியுங்கள்

குளிரூட்டிய அறையில் சோதனை தேறிய ரேமை (கணினியின் தற்காலிக நினைவகத்தை), மட்டக்களப்பில் பாவிப்பதற்குத் தேறிய ரேமாக நான் ஏற்றுக்கொள்வதில்லை. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் பூட்டி வாங்கிய கணினி அங்கே இரவு முழுவதும் பிழையின்றி ஓடியிருக்கலாம். அதே கணினி அரசடியிலோ கல்லடியிலோ தகரக் கூரையின் கீழ், கச்சான் காற்று வீசும் ஆகஸ்ட் மாதத்துப் பிற்பகலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அந்தச் சோதனை சாட்சியாகாது. ரேமை ஓவர்குளொக் செய்பவர்களிடம் (வகுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுபவர்களிடம்) எவ்வளவு வேகம் கிடைத்தது என்று கேட்டால் உடனே விடை வரும். எந்த வெப்பநிலையில் சோதித்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் விடை வருவதில்லை. இந்தப் பதிவு அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

ஓவர்குளொக்கெல்லாம் நமக்கு வேண்டாம் என்று ஒதுங்குபவர்களுள் பலர், தாங்கள் அறியாமலே அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். டிடிஆர்4 தலைமுறை ரேமுக்கான தர நிர்ணயத்தை ஜெடெக் அமைப்பு 2012ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன்படி மின்னழுத்தம் 1.2 வோல்ட். பெட்டியில் 3600 (செக்கனுக்கு 3600 மில்லியன் தரவுப் பரிமாற்றம்) என்று அச்சிட்டிருக்கும் ரேம் கார்ட்டைத் தாய்ப்பலகையில் செருகி முதன்முறை இயக்கினால், அது 2133, 2400, 2666 என்று ஏதாவதொரு ஜெடெக் வேகத்தில்தான் எழும்பும். அச்சிட்ட வேகம் வேண்டுமானால் பயோஸுக்குள் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரலுக்குள்) போய் எக்ஸ்எம்பி என்பதை இயக்க வேண்டும். அது இன்டெல் நிறுவனம் 2007இல், டிடிஆர்3 காலத்தில் கொண்டுவந்த ஏற்பாடு. ஏஎம்டி 2022இல் ரைசன் 7000 வரிசையோடு எக்ஸ்போ என்ற பெயரில் தன்னுடையதை வெளியிட்டது. கார்ட்டைத் தயாரித்தவர் அதிலுள்ள சிறு சிப் ஒன்றில் வேகத்தையும் நேர அளவுகளையும் (ஒவ்வொரு படிக்கும் ரேம் காத்திருக்கும் நேரங்களையும்) மின்னழுத்தத்தையும் எழுதிவைத்திருப்பார். தாய்ப்பலகை அவற்றை வாசித்து அப்படியே அமைத்துக்கொள்கிறது. 3600 வேகத்துக்கு அந்த மின்னழுத்தம் வழக்கமாக 1.35 வோல்ட். ஆகவே எக்ஸ்எம்பியை இயக்கிய கணத்திலேயே நாம் ஜெடெக் வகுத்த எல்லையைத் தாண்டிவிடுகிறோம். தயாரித்தவர் தம்முடைய கார்ட்டுக்குத்தான் பொறுப்பு. உங்கள் புரொசசருக்குள் இருந்து ரேமைக் கையாளும் மெமரி கொன்ட்ரோலரும் உங்கள் தாய்ப்பலகையும் அந்த வேகத்தைத் தாங்குகின்றனவா என்பதை நீங்களேதான் சோதித்து அறிய வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் எங்கள் பக்கத்தில் ஏராளம். 3200 கார்ட்டுக்குக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, வருடக்கணக்காக அதை 2133இலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறந்து மெமரிப் பகுதியைப் பார்த்தால் உண்மை வேகம் தெரிந்துவிடும். இரட்டைச் சனலில் (இரண்டு கார்ட் சேர்ந்து ஓடும் நிலையில்) 2133 என்றால் உச்சக் கொள்திறன் செக்கனுக்கு 34.1 ஜிபி, 3200 என்றால் 51.2 ஜிபி. ரைசன் 5600ஜி போன்று தனிக் கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல் பாவிக்கும் புரொசசர்களில் படத்தை வரையும் வேலையும் இதே ரேமை நம்பியிருப்பதால், இந்த வித்தியாசம் விளையாட்டில் கண்ணுக்கே தெரியும். எல்லாத் தாய்ப்பலகைகளும் இதற்கு இடங்கொடுப்பதில்லை. பத்தாம் தலைமுறை ஐ5 புரொசசரை எச்410 பலகையில் பூட்டினால், எந்தக் கார்ட்டைப் போட்டாலும் 2666ஐத் தாண்டாது. இன்டெல் தன் பி வரிசைப் பலகைகளில் ரேம் ஓவர்குளொக்கை அனுமதித்தது 2021இல் வந்த பி560 முதற்கொண்டுதான். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360ஐத் தாண்டியபோது, புதிய பாகம் வாங்குவது என்ற பேச்சே எங்கள் வட்டாரத்தில் அற்றுப்போனது. இருக்கிறதைக் கொண்டு இன்னும் கொஞ்சம் பிழிந்தெடுக்க முடியுமா என்று வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவர்கள் முதல் கல்யாண வீடியோ வெட்டுபவர்கள் வரை பலரும் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். ரேம் டியூனிங் செலவில்லாத வேகம் என்பது உண்மை. சோதிக்காமல் விட்டால் அதற்கான செலவு வேறொரு வழியில், பின்னொரு நாளில் வந்து நிற்கும் என்பதும் உண்மை.

வெப்பம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ள, ரேமின் அடிப்படைக் கலத்தைப் பார்க்க வேண்டும். ஐபிஎம் நிறுவனத்தின் ரொபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற வடிவம்தான் இன்றும் நிலைக்கிறது: ஒரு திரான்சிற்றர், ஒரு கொள்ளளவி. கொள்ளளவியில் மின்னேற்றம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அந்த மின்னேற்றம் ஓட்டைக் குடத்து நீரைப் போல ஒழுகிக்கொண்டே இருக்கிறது. முற்றாக ஒழுகிப் போவதற்குள் ஒவ்வொரு வரிசையையும் வாசித்துத் திரும்ப எழுத வேண்டும். டிடிஆர்4இல் எல்லா வரிசைகளையும் 64 மில்லி செக்கனுக்குள் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். அந்த வேலை 8192 கட்டளைகளாகப் பிரிக்கப்படுவதால், ஏறத்தாழ 7.8 மைக்ரோ செக்கனுக்கு ஒரு புதுப்பிப்புக் கட்டளை போகிறது. இந்த இடைவெளிக்குப் பெயர் டிரெஃபி (tREFI). ஒவ்வொரு கட்டளைக்கும் ரேம் எவ்வளவு நேரம் வேறு வேலை செய்யாமல் நிற்கிறது என்பது டிஆர்எஃப்சி (tRFC). 8 கிகாபிட் சிப்புகளுக்கு ஜெடெக் தரும் அளவு 350 நனோ செக்கன்.

வெப்பம் ஏறினால் ஒழுக்கும் ஏறும். ஜெடெக் இதை நன்றாக அறிந்தே விதி செய்திருக்கிறது: சிப்பின் வெப்பநிலை 85 பாகை செல்சியஸைத் தாண்டினால் புதுப்பிப்பு இடைவெளியைப் பாதியாகக் குறைத்து 3.9 மைக்ரோ செக்கனாக்க வேண்டும். ஆனால் ஓவர்குளொக் செய்பவர் போகும் திசை இதற்கு எதிரானது. புதுப்பிக்கும் நேரம் வீண் நேரம் என்று கருதி, அவர் டிரெஃபியைக் கூட்டுகிறார், டிஆர்எஃப்சியைக் குறைக்கிறார். வேகம் நிச்சயமாகக் கூடுகிறது; பல வேலைகளில் மீடிறனை (கடிகார வேகத்தை) கூட்டுவதைவிட இது அதிகப் பலன் தரும். ஆனால் 85 பாகை வரை தாங்கும்படி ஜெடெக் விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளியை நாம் தின்றுவிடுகிறோம். அதன் பிறகு பிழை தொடங்கும் வெப்பநிலை 85 அல்ல. அது 50 ஆகவும் இருக்கலாம்.

மட்டக்களப்பில் 50 பாகை என்பது தொலைவில் இல்லை. யூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் வெளியே நிழலிலேயே 35 பாகையை எட்டும் பிற்பகல்கள் உண்டு. தகரமோ அஸ்பெஸ்டஸோ வேய்ந்த அறைக்குள் அதற்கு மேல் இருக்கும். அந்தக் காற்றைத்தான் கேசிங்கின் முன் விசிறி உள்ளே இழுக்கிறது. கிராஃபிக்ஸ் கார்ட் தன் சூட்டை மேலே கக்குகிறது. அதற்கு நேர் மேலே, புரொசசருக்குப் பக்கத்தில் ரேம் கார்ட்டுகள் நிற்கின்றன. குளிரூட்டிய அறையில் 40 பாகையில் நின்ற கார்ட் இங்கே 55 பாகையைத் தொடுவதற்கு வேறெதுவும் தேவையில்லை.

கடந்த கச்சான் காலத்தில் திருமலை வீதிப் பக்கத்து ஸ்டூடியோ ஒன்றிலிருந்து ஒரு கணினி என்னிடம் வந்தது. பன்னிரண்டாம் தலைமுறை இன்டெல், டிடிஆர்4 ஏற்கும் இசட்690 பலகை, 16 ஜிபி கார்ட் இரண்டு. வெளியூரில் ஒருவர் பூட்டி, ரேமின் நேர அளவுகளையும் நன்றாக இறுக்கிக் கொடுத்திருந்தார். ஸ்டூடியோக்காரர் சொன்ன குறை இது: “படமெல்லாம் கெமராக் கார்ட்டில நல்லாத்தான் இரிக்கி தம்பி. மிசின்ல ஏத்தினாப் பிறகு சிலது பாதிக்குக் கீழ சாம்பலாப் போகுது. காலையில ஏத்தினா ஒண்டுமில்ல.” வன்தட்டைச் சந்தேகித்து அதை மாற்றியும் ஆகிவிட்டது. கார்ட் ரீடரும் புதிது.

காலையில் ஏற்றினால் ஒன்றுமில்லை என்ற அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்குத் தேவையான எல்லாம் இருந்தது. ஜேபெக் படம் ஒன்றில் ஒரே ஒரு பிட் புரண்டாலும், அந்த இடத்துக்குப் பின்னுள்ள குறியீடு தடம் மாறிவிடக்கூடும் என்பதால் மிச்சப் படம் சாம்பல் நிறமாகவோ நிறம் பிறழ்ந்தோ போகலாம். கெமராக் கார்ட்டிலிருந்து வன்தட்டுக்குப் போகும் ஒவ்வொரு கோப்பும் ரேம் வழியாகத்தான் போகிறது. ரேமில் புரண்ட பிட்டை வன்தட்டு அப்படியே பத்திரமாக எழுதி வைத்துக்கொள்கிறது. கணினி நின்றுவிடுவதில்லை, நீலத் திரை வருவதில்லை, எவருக்கும் எதுவும் தெரிவதில்லை. கல்யாண வீட்டுப் படம் திரும்ப எடுக்கக்கூடியது அல்ல என்பதால், இந்த மௌனமான பிழையை நான் நீலத் திரையைவிட மோசமானதாக எண்ணுகிறேன்.

பயோஸில் பார்த்தபோது வேகம் 3600, அதில் குறை சொல்ல ஏதுமில்லை. டிரெஃபி மட்டும் 65535 என்று அந்தப் பலகை அனுமதிக்கும் உச்சத்தில் நின்றது. கடிகாரத்தின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தரவு போவதால் 3600 வேகத்தில் உண்மைக் கடிகார மீடிறன் 1800 மெகாஹேர்ட்ஸ் ஆகையால், 65535 சுற்று என்பது 36.4 மைக்ரோ செக்கன். அதாவது 64 மில்லி செக்கனுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய கலம் ஏறத்தாழ 300 மில்லி செக்கனுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. டிஆர்எஃப்சி 288, அதாவது 160 நனோ செக்கன். சிப்புகள் சாம்சங்கின் பி-டை என்ற வகை. குளிரில் இந்த அமைப்பைத் தாங்கக்கூடிய அருமையான சிப்புதான் அது. ஆனால் நேர அளவுகளை இறுக்கினால் சூட்டுக்கு மிகவும் கூசும் என்பதும் அதைப் பாவித்த எல்லோரும் அறிந்ததே.

முதலில் காலையிலேயே டெஸ்ட்மெம்5 என்ற ரேம் சோதனை நிரலை அன்டா777 அமைப்போடு ஓட்டினேன். ஒரு சுற்று பிழையின்றி முடிந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு அறை விசிறியை நிறுத்தி, கேசிங்கின் பக்கக் கதவை மூடி, கிராஃபிக்ஸ் கார்ட்டுக்கும் பாரமான வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதே சோதனையை மறுபடி தொடங்கினேன். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு நிரல் காட்டிய கார்ட் வெப்பநிலை 43இல் தொடங்கி மெல்ல ஏறியது. 47, 49, 50. இரண்டாவது ஸ்லொட்டிலிருந்த கார்ட் மற்றதைவிட எப்போதும் இரண்டு பாகை கூடுதலாகக் காட்டியது. 52ஐத் தொட்டதும் முதல் சிவப்பு வரி விழுந்தது. அதன் பிறகு பிழைகள் நிற்கவில்லை. விசிறியைப் போட்டு, கதவைத் திறந்து 46க்கு இறக்கினேன், பிழை நின்றுவிட்டது. வேறெந்த அமைப்பையும் தொடாமல் டிரெஃபியை மட்டும் தானியங்கி நிலைக்குத் திருப்பி, டிஆர்எஃப்சியை 360க்கு உயர்த்தி, பழையபடி மூடி வைத்து ஓட்டியபோது 58 பாகையிலும் ஒரு பிழை கூட வரவில்லை. வேக இழப்பை அளவுகோலில் காணலாம். வீடியோ வெட்டுபவரின் கண்ணால் காண முடியாது.

ஆகவே எண்களைத் தேர்ந்தெடுக்கும்போதே வெப்பத்துக்கு இடம் விட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் துணிபு. பெட்டியில் பெரிதாக அச்சிடும் வேகத்தைக் கண்டு மயங்கவும் தேவையில்லை. முதல் தரவு வந்து சேரும் நேரத்தை அறிய, சிஎல் எண்ணை (கேட்ட தரவு வரும்வரை காத்திருக்கும் சுற்றுகளின் எண்ணிக்கையை) 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நனோ செக்கனில் விடை வரும். 3200 சிஎல்16 என்றாலும் 10, 3600 சிஎல்18 என்றாலும் 10, டிடிஆர்5 6000 சிஎல்30 என்றாலும் 10. தரவு கிடைக்கத் தொடங்கும் நேரத்தில் இந்த மூன்றுக்கும் வித்தியாசமில்லை, தொடங்கிய பின் எவ்வளவு பாய்கிறது என்பதில்தான் வித்தியாசம். ஜெடெக் அளவில் வரும் 4800 சிஎல்40 டிடிஆர்5 கார்ட்டை இதே கணக்கில் போட்டால் 16.7 வரும், புதிய தலைமுறை என்ற பெயருக்காக அதை வாங்குபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ரைசன் 3000, 5000 வரிசைகளில் புரொசசரின் உட்பாகங்களை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கின் மீடிறனும் ரேமின் மீடிறனும் ஒன்றாக ஓட வேண்டும். பெரும்பாலான புரொசசர்களில் அந்த இணைப்பு 1800 அல்லது 1900 மெகாஹேர்ட்ஸ் வரை போகும் என்பதால் ரேமுக்கு 3600, மிஞ்சினால் 3800 என்பதே பொருத்தமான வேகம். அதைத் தாண்டி 4000 கார்ட்டைப் போட்டு மெமரி கொன்ட்ரோலர் பாதி விகிதத்துக்கு இறங்கினால், கூடுதல் காசு கொடுத்து மெதுவான கணினி வாங்கியது போலாகும். ரைசன் 7000 வரிசைக்கு 6000 என்பதை ஏஎம்டியே பொருத்தமான வேகமாகச் சொல்லியிருக்கிறது.

சிப் யாருடையது என்பதும் பேசப்பட வேண்டியது. ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே வேகம் என்று வரும் கார்ட்டுகளுக்குள் சாம்சங், மைக்ரொன், எஸ்கே ஹைனிக்ஸ் ஆகிய மூவரில் யாருடைய சிப்பும் இருக்கலாம். ஒரே மாதிரிக் கார்ட்டிலேயே தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி சிப் மாறுவதுண்டு. மைக்ரொனின் ஈ-டை மீடிறனை நன்றாக ஏற்றுக்கொள்ளும், ஆனால் டிஆர்சிடியை (ஒரு வரிசையைத் திறந்து வாசிக்கத் தொடங்கும்வரை காத்திருக்கும் அளவை) இறுக்கவிடாது. டிடிஆர்5இல் ஹைனிக்ஸின் ஏ-டையும் எம்-டையும் பெயர்பெற்றவை. எங்களிடையே பெருவழக்கமான ஒன்று, இன்று 8 ஜிபி ஒன்று வாங்கிவிட்டு, கையில் காசு புழங்கும்போது இன்னொன்று வாங்கிச் சேர்ப்பது. இரண்டிலும் வேறுவேறு சிப்புகள் இருந்தால் தாய்ப்பலகை இரண்டுக்கும் பொதுவான தளர்ந்த அளவுகளைத் தேட வேண்டும், எக்ஸ்எம்பி சில வேளை ஏறவே ஏறாது. முடிந்தவரை ஒரே பெட்டியில் வரும் சோடியாகவே வாங்குங்கள். அப்படி வாங்க முடியாதவர்கள் வேகத்தை ஒரு படி குறைத்து வைத்து, சோதனையை இரட்டிப்பாக ஓட்டுங்கள்.

சோதிக்கும் ஒழுங்கை இப்போது சொல்கிறேன். புதிய அமைப்பை முதன்முறை ஏற்றிய பின் நேரே விண்டோஸுக்குள் போகவே கூடாது. பிழையுள்ள ரேமோடு இயங்குதளம் எழும்பினால், அது தன் சொந்தக் கோப்புகளையே கெடுத்து எழுதக்கூடும். பென் டிரைவில் மெம்டெஸ்ட்86 அல்லது திறந்த மூலமான மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை நிரலை ஏற்றி, அதிலிருந்து எழும்பி ஒரு சுற்றாவது ஓட்டிய பிறகே மேற்கொண்டு போக வேண்டும். மெம்டெஸ்ட்86இன் இலவசப் பதிப்பு நான்கு சுற்றோடு நின்றுவிடும். பழுதான கார்ட்டைக் கண்டுபிடிக்க அது போதும். அதில் வரும் 13ஆம் சோதனை ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பத் தட்டி அயல் வரிசையில் பிட் புரள்கிறதா என்று பார்ப்பது. 2014இல் வெளியான ரோஹேமர் ஆய்வுக்குப் பிறகு சேர்ந்தது. பாவித்த ரேம் வாங்குபவர்கள் கடைக்காரரின் முன்னிலையிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கேட்பதில் தவறொன்றுமில்லை.

ஆனால் மெம்டெஸ்ட்86 தேறியதோடு ஓவர்குளொக் தேறிவிட்டது என்று நிறுத்துபவர்களோடு நான் உடன்படுவதில்லை. அந்தச் சோதனையின்போது கிராஃபிக்ஸ் கார்ட் சும்மா இருக்கிறது, புரொசசர் அரைகுறையாகத்தான் உழைக்கிறது, கேசிங்குக்குள் சூடே இல்லை. பழுதைக் கண்டுபிடிக்க அது நல்லது, பிழை தொடங்கும் விளிம்பைக் கண்டுபிடிக்கப் போதாது. விளிம்புக்கு டெஸ்ட்மெம்5, கட்டணம் செலுத்தக்கூடியவர்களுக்குக் கார்ஹு, அதன் பின் வை-க்ரஞ்சர் அல்லது பிரைம்95இன் பெரிய எஃப்எஃப்டி (Large FFT) சோதனை. பின்னைய இரண்டும் புரொசசரின் மெமரி கொன்ட்ரோலரையும் சேர்த்து வதைப்பவை. ரேம் கார்ட் மட்டும் நன்றாக இருந்தால் அவற்றில் கணினி தேறாது. லினக்ஸில் இருப்பவர்களுக்குக் கூகிள் வெளியிட்ட ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்ட் இருக்கிறது. இவற்றை ஓட்டும்போதே கிராஃபிக்ஸ் கார்ட்டுக்கும் வேலை கொடுங்கள், கேசிங்கை மூடியே வையுங்கள், வருடத்தின் மிகச் சூடான மாதத்தின் மிகச் சூடான மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மார்கழி மழையில் சோதிக்க நேர்ந்தால், கேசிங் விசிறிகளின் வேகத்தைக் குறைத்துக் கார்ட்டை வேண்டுமென்றே 55 பாகைக்கு மேல் கொண்டுபோய் அங்கே ஓட்டுங்கள். உங்கள் கார்ட்டில் வெப்ப உணரி இல்லையென்றால் சோதனையை வெயிற்காலத்துக்குத் தள்ளிவைத்து, அதுவரை எக்ஸ்எம்பிக்கு மேல் போகாமலிருப்பதே நல்லது.

சூட்டைப் போலவே குளிர் எழுச்சியும் ஒரு சோதனை. மின்வெட்டு வந்து இரவு முழுவதும் நின்றிருந்த கணினியைக் காலையில் இயக்கும்போது தாய்ப்பலகை ரேமோடு மறுபடி பேசி, சைகைகளின் நேரத்தைப் புதிதாக ஒழுங்குபடுத்துகிறது. முந்திய நாள் நன்றாக அமைந்தது இன்று சற்றே பிசகி அமையலாம். எனவே மின்செருகியைக் கழற்றிச் சற்று நேரம் விட்டு, மறுபடி எழுப்பி ஓட்டும் சுற்று ஒன்றும் என் ஒழுங்கில் உண்டு. டிடிஆர்5 கணினிகளில் இந்த ஒழுங்குபடுத்தல் முதன்முறை பல நிமிடம் பிடிக்கும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பழுதென்று பயந்து மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டால், அது தொடக்கத்திலிருந்து மறுபடி தொடங்கும். பொறுத்திருக்க வேண்டும்.

மின்னழுத்தத்தில் நான் துணிச்சலை ஆதரிப்பதில்லை. டிடிஆர்4இல் அன்றாடப் பாவனைக்கு 1.35 முதல் 1.45 வோல்ட் வரை போதும். எங்கள் காலநிலையில் அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு புள்ளியும் சூடாகவே திரும்பி வருகிறது. டிடிஆர்5இல் மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் சிப் கார்ட்டிலேயே அமர்ந்திருப்பதால், அதன் சூடும் கார்ட்டுக்கே சேர்கிறது. ரைசன் 7000 வைத்திருப்பவர்கள் எஸ்ஓசி மின்னழுத்தத்தை (புரொசசருக்குள் மெமரி கொன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் மின்னழுத்தத்தை) ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். 2023இல் சில புரொசசர்கள் சொக்கெட்டோடு கருகிய பிறகு, ஏஎம்டி அதை 1.3 வோல்டுக்கு மேல் போகாதபடி பயோஸ் வழியாகக் கட்டுப்படுத்தியது. எக்ஸ்போவை இயக்கியதும் பலகைகள் தாமாக அந்த மின்னழுத்தத்தைக் கூட்டியது அதில் சம்பந்தப்பட்டிருந்தது. பழைய பயோஸோடு இன்றும் ஓடும் பலகைகள் இருக்கின்றன. அவற்றைப் புதுப்பிக்காமல் எக்ஸ்போவைத் தொடாதீர்கள்.

டிடிஆர்5இல் பிழை திருத்தம் உள்ளேயே இருக்கிறதே, பிறகு ஏன் இவ்வளவு சோதனை என்று ஒரு மாணவர் கேட்டார். சிப்புக்குள் நடக்கும் அந்தத் திருத்தம், சிப்பின் அடர்த்தியால் வரும் கலப் பிழைகளைச் சமாளிப்பதற்காகவே வைக்கப்பட்டது. சிப்பை விட்டு வெளியே வந்த தரவு புரொசசருக்குப் போகும் வழியில் கெட்டால் அது ஒன்றும் செய்யாது, நடந்ததை நமக்கு அறிவிப்பதுமில்லை. வழி முழுவதும் காவல் வேண்டுமானால் உண்மையான ஈசிசி (பிழை திருத்தும்) கார்ட்டும் அதை ஏற்கும் பலகையும் வேண்டும். கூகிள் தன் கணினிக் கூடங்களில் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் கார்ட்டுகளில் திருத்தக்கூடிய பிழை கண்டறியப்பட்டது. அவை ஓவர்குளொக் செய்யப்படாத கார்ட்டுகள். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் சொந்தக் கணினியிலேயே 2022இல் ரேம் கார்ட் ஒன்று பழுதாகி, லினக்ஸ் 6.1 வேலை தடைப்பட்டது. ரேம் ஒருமுறை தேறினால் என்றைக்கும் தேறியதாக இருக்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

சோதனையில் பிழை வந்தவுடன் கார்ட்டைக் குற்றஞ்சாட்டவும் வேண்டாம். கல்லடி, நாவலடிப் பக்கம் கடலை ஒட்டியிருப்பவர்களின் கணினிகளில் உப்புக் காற்றும் தூசியும் ஸ்லொட்டுக்குள் படிந்து கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கார்ட்டைக் கழற்றி, தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து, ஸ்லொட்டைக் காற்றால் ஊதி, மறுபடி இரண்டு பக்கமும் சொடக்கென்று கேட்கும்வரை அழுத்திச் செருகி, பயோஸை ஜெடெக் வேகத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஜெடெக் வேகத்திலும் பிழை வந்தால் கார்ட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். அங்கே வராமல் எக்ஸ்எம்பியில் மட்டும் வந்தால், வேகத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு தீரும்.

எல்லாம் தேறிய பிறகு பயோஸின் நேர அளவுப் பக்கங்களைக் கைப்பேசியால் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சோதித்த திகதியையும், அப்போது கார்ட் தொட்ட உச்ச வெப்பநிலையையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கேசிங்கின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். பயோஸைப் புதுப்பித்தால் சேமித்த அமைப்புகள் பெரும்பாலும் அழிந்துபோகும். அழியாவிட்டாலும், தானியங்கியாக விடப்பட்டிருந்த துணை அளவுகளைப் புதிய பயோஸ் வேறு விதமாகத் தேர்ந்தெடுக்கக்கூடும். அதனால் பயோஸ் மாறினால், கார்ட் மாறினால், கிராஃபிக்ஸ் கார்ட் மாறிக் கேசிங்குக்குள் சூடு மாறினால், பழைய சோதனை செல்லாது. பென் டிரைவை எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.